ஓலை வாசித்த மைக்

அவனுடைய குதிகால்கள் எனக்கு மனப்பாடம். சாத்தூரிலிருந்து மதுரை பழங்காநத்தம் வரை நான்கு நாள் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். இடது காலில் நீளமாக ஒரு பித்தவெடிப்பு. வலது காலில் செருப்பு வார் அறுத்த தழும்பு. அவன் தோளில் மரச்சிலுவை இருந்தது. கூட வந்தவர்கள் எல்லாம் சிலுவையைப் பார்த்து நடந்தார்கள், நான் குதிகாலைப் பார்த்து நடந்தேன். 'நட ராசா, நட. உன் ஊர் வரட்டும், வச்சுக்கிறேன்' என்று ஒவ்வொரு மைல்கல் வரும்போதும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கன்னியாகுமரியில் புறப்பட்டு டெல்லி வரை நடப்பது என்று கத்தோலிக்க இளைஞர்கள் பன்னிரண்டு பேர் கிளம்பியிருந்தார்கள். வயிற்றில் உருவான உயிரைக் கலைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவது அவர்கள் வேலை. வழியில் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் உள்ளூர் இளைஞர்கள் சேர்ந்துகொண்டு, தங்கள் எல்லை முடியும்வரை கூட நடந்து, வழியனுப்பிவிட்டுத் திரும்ப வேண்டும். எங்கள் கோயில் பங்கிலிருந்து ஏழு பேர் பெயர் கொடுத்தோம். மற்ற ஆறு பேரும் பக்தியால் கொடுத்தார்கள். நான் கொடுத்தது அவனுக்காக. அந்தப் பன்னிரண்டு பேரில் அவனும் ஒருவன், எங்கள் பங்குக்காரன், என் அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தவன். பழிவாங்கத்தான் போனேன். அதை இன்றைக்கும் மறைக்க விரும்பவில்லை.

பன்னிரண்டு பேர் என்று கணக்கு வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு என்றால் அதில் ஒரு யூதாஸ் இருந்தாக வேண்டும். அவனுக்கு என் மனசுக்குள் நான் வைத்திருந்த பெயர் அதுதான்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. அவன் அங்கே கீபோர்டு வாசிப்பான். இரண்டு வருடம் பழகினார்கள். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாள் தள்ளிப்போனபோதும் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அக்கா பயந்தாள், ஆனால் அழவில்லை. கல்யாணத்தைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லியிருந்தான். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது, "பேருகூட வச்சுட்டோம்டி" என்று சொல்லி, வெட்கப்பட்டு, அந்தப் பெயரையும் சொன்னாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு அவன் அம்மா குறுக்கே வந்தாள். அந்தம்மா எங்கள் பங்கின் மாதர் சங்கத் தலைவி. சப்பரத்துக்குப் பூ ஜோடிப்பதிலிருந்து பங்குச் சாமியாருக்குச் சாப்பாடு அனுப்புவது வரை அந்தம்மா கை படாமல் எங்கள் கோயிலில் எதுவும் நடக்காது. ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலிலேயே அக்காவைப் பிடித்தாள்.

"வயித்தத் தள்ளிக்கிட்டு பீடத்துக்கு முன்னால வந்து நிக்க முடியுமா தாயி? ஊரே சிரிச்சிரும். இத முடிச்சுட்டு வா. அடுத்த மாசமே ஓலை வாசிக்கச் சொல்றேன். நான் சொன்னா சொன்னதுதான்."

ஓலை வாசிப்பது என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் என்று மைக்கில் அறிவிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவேண்டும் என்று முடிப்பார்கள். ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா சரி என்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். அவனிடமும் சொல்லியிருக்கிறாள். அவன் "அம்மா சொல்றதக் கேளு" என்றிருக்கிறான்.

மருத்துவமனைக்கு நானும் போனேன். காளவாசலுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடி. அவன் கீழே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான், மேலே வரவில்லை. அந்தம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை உருட்டினாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இயேசு பாடுபட்டதைச் சொல்லும் துயர மறைபொருள்கள் ஐந்தையும் முடித்தாள், ஒரு மணியைக்கூட விடவில்லை. நடுவில் என்னைப் பார்த்து "நீயும் சொல்லும்மா" என்றாள். எனக்கு அப்போது இருபது வயது. நானும் சொன்னேன். உள்ளே அக்கா படுத்திருக்க, வெளியே உட்கார்ந்து ஐம்பது தடவை அருள்நிறைந்த மரியே சொன்னேன். என்னைச் சொல்ல வைத்ததற்காக மட்டுமே அந்தம்மாவை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன்.

அடுத்த மாதம் ஓலை வாசித்தார்கள். அவன் பெயர் வந்தது. பெண்ணின் பெயர் வேறு. திண்டுக்கல் பக்கத்து நர்ஸ் பெண் ஒருத்தியின் பெயர். அக்கா பாடகர் குழுவில் நின்றுகொண்டிருந்தாள். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று மைக் சொன்னது. உடனே அடுத்த பாட்டு. அவன் கீபோர்டில் சுருதி பிடித்தான், அக்கா பாடினாள். குரல் நடுங்கக்கூட இல்லை.

இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அக்கா பாடகர் குழுவுக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓலை வாசிக்க ஆரம்பித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து கத்திவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பூசை முடிந்து வெளியே வந்து, மாதாவுக்குக் குகை மாதிரி கட்டிய கெபி முன்னால் நிறுத்தி, மாதா சுரூபத்தின் காலைத் தொட வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

"நீ யார்ட்டயும் சொல்லக்கூடாது. அப்பாட்ட, அம்மாட்ட, சாமியார்ட்டகூட. என் பேரு வெளிய வந்துச்சுன்னா எனக்கு ஸ்கூலும் கிடையாது, கோயிலும் கிடையாது. தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. நர்ஸ் பெண்ணுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்து, வேண்டாம் என்று எழுதிவிட்டாள். எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் பசி அடங்கவில்லை. அவன் அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடீரென்று பக்திமான் ஆனான். தியானத்துக்குப் போனான், தாடி வளர்த்தான், வெள்ளிக்கிழமை கஞ்சி குடித்தான். இரண்டு வருடம் கழித்து, கருவிலிருக்கும் பிள்ளைகளுக்காக டெல்லி வரை நடக்கப்போகும் பன்னிரண்டு பேரில் எங்கள் பங்கு மைந்தன் ஒருவர் என்று அதே மைக்கில் அறிவித்தார்கள். கோயிலே கைதட்டியது. அந்தம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். நான் அன்றைக்குச் சாயங்காலமே போய்ப் பெயர் கொடுத்தேன்.

என் திட்டம் சுலபமானது. நடைபயணம் எந்தப் பங்கில் தங்குகிறதோ அங்கே மாலையில் நடப்பவர்கள் இரண்டு மூன்று பேர் மேடையேறி, தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வார்கள். எங்கள் பங்கில் தங்கும் அன்று உள்ளூர்ப் பெண் என்று எனக்கு வாய்ப்புக் கேட்டு வாங்கிவிட்டேன். ஓலை வாசித்த அதே மைக். இரண்டு வருடத்துக்கு முன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்வேன், தடை எனக்குத் தெரியும் என்பேன். அக்கா பெயரைச் சொல்லமாட்டேன். 'ஒரு பெண்' என்று சொல்வேன். ஒரு பெண், அவ்வளவுதான். சத்தியமும் தவறாது, அவன் முகத்திரையும் கிழியும். நான்கு நாளும் வாய்க்குள் அதையே சொல்லிப் பழகினேன். பக்கத்தில் நடந்தவர்கள் நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்.

விருதுநகர் தாண்டினால் சாலைக்கு இரண்டு பக்கமும் கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான். வெயில் காலையிலேயே மண்டையில் இறங்கியது. எங்களுக்கு முன்னால் ஒரு குட்டியானை வண்டி மைக் செட்டோடு மெதுவாகப் போகும். அதன்மேல் ஒரு வெறும் தொட்டில் கட்டியிருந்தார்கள். நடப்பவர் ஒவ்வொருவரும் முகம் தெரியாத ஒரு கருவைப் பிள்ளையாகத் தத்தெடுத்து, அதற்குப் பெயர் வைத்து, மஞ்சள் ரிப்பனில் எழுதித் தொட்டிலில் கட்டவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பிறக்கும்வரை அந்தப் பிள்ளைக்காக செபிக்கவேண்டும். நல்ல வழக்கம்தான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கொப்புளம் உடைந்தபோது மருந்து போட்டுவிட்ட தூத்துக்குடிப் பெண் தினமும் தன் ரிப்பனை முத்தமிட்டுவிட்டுத்தான் நடப்பாள். அவள் பொய்யாக நடக்கவில்லை.

அவனும் என்னிடம் பேசினான். அதுதான் எனக்கு ஆத்திரம். கள்ளிக்குடி பக்கத்தில் ஒரு புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பாப்பா, உப்புப் போட்ட தண்ணி. குடி. வெயிலு தாங்கமாட்ட."

வாங்கிக் குடித்தேன். 'பாப்பா'வாம். நான் அவனுக்குத் தங்கச்சி மாதிரி இருந்த காலத்தில் அப்படித்தான் கூப்பிடுவான். என் கண்ணைப் பார்க்கவில்லை. அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "உங்க செட்டுல எல்லாரும் நல்லா நடக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குக் காற்று பலமாக அடித்து ரிப்பன்கள் அவிழ்ந்துவிட்டன. எடுத்துக் கட்டுகிற வேலை எனக்கு வந்தது. ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வந்தேன். அவன் ரிப்பன் கைக்கு வந்தது. ஓரத்தில் அவன் பெயர், நடுவில் பிள்ளையின் பெயர். மொட்டைமாடியில் அக்கா சொன்ன அதே பெயர்.

கொன்ற பிள்ளையின் பெயரை ரிப்பனில் எழுதி, தொட்டிலில் கட்டி, கன்னியாகுமரியிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவருகிறான். ஒருவேளை அவனுக்கு உறுத்துகிறதோ என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமும் இல்லை. 'அதையும் விட்டுவைக்கலையாடா' என்றுதான் தோன்றியது. பல்லால் கடித்து இழுத்து அந்த முடிச்சை மட்டும் இறுக்கிக் கட்டினேன். எங்கள் ஊர் போய்ச் சேரும்வரை அது அவிழக்கூடாது.

நான்காம் நாள் திருமங்கலத்தில் கிளம்பி மதியத்துக்கு மேல் பழங்காநத்தம் வந்தோம். பங்கே தெருவில் நின்றது. வேட்டுப் போட்டார்கள், சிறுபிள்ளைகள் கொடி ஆட்டினார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்குச் செய்கிற மாதிரி, கோயில் வாசலில் பெஞ்சுகள் போட்டு எங்களை உட்கார வைத்து, மாதர் சங்கத்துப் பெண்கள் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவினார்கள். அந்தம்மா தன் மகனில் ஆரம்பித்து வரிசையாக வந்தாள். என் முன்னால் வந்து முழங்கால் போட்டாள்.

கழுவ விடக்கூடாது, காலை இழுத்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. கழுவட்டும் என்று நீட்டினேன். அழுக்கெல்லாம் போகட்டும், நல்லாத் தேய் என்று நினைத்தேன். கொப்புளத்தில் தண்ணீர் பட்டு எரிந்தது. துண்டால் துடைத்து, குனிந்து பாதத்தை முத்தமிட்டாள். போட்டோ எடுத்தார்கள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பதறவில்லை. சிரித்தாள்.

"நல்லா நடந்தியாம்மா? அக்கா எப்படி இருக்கா? எடம் ஏதும் பாக்குறீங்களா? பாத்து முடிங்க, வயசாகுதுல்ல."

அந்தம்மா தாம்பாளத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த காலுக்குப் போய்விட்டாள். அக்கா எப்படி இருக்கா. அந்த ஒரு கேள்விதான் சாயங்காலம் வரை என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கோயில் மைதானத்தில் பாய் விரித்துக் கூட்டம். இருட்டவில்லை, ஆனால் ட்யூப்லைட் போட்டிருந்தார்கள். தொட்டிலை வண்டியிலிருந்து இறக்கி மேடையில் வைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. மகள் சாட்சி சொல்லப்போகிறாள் என்ற பெருமையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்திருந்தாள். கெபி பக்கத்தில் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள், கையில் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த டிபன் கேரியர். என்னைப் பார்த்து, 'முடிச்சுட்டு வா' என்று கையைக் காட்டினாள்.

அவன்தான் முதலில் பேசினான். தன் ரிப்பனை அவிழ்த்து, நெற்றியில் ஒற்றி, அந்தப் பெயரை மைக்கில் வாசித்தான். "இந்தப் பிள்ளைக்காக நான் நடக்குறேன்" என்றான். கூட்டம் "நீ வாழவேண்டும்" என்று பதில் சொன்னது. அதுதான் அவர்கள் வழக்கப்படியான பதில். அறுநூறு, எழுநூறு பேர் ஒரே குரலில் அந்தப் பிள்ளையை வாழச் சொன்னார்கள். நான் அக்காவைத்தான் பார்த்தேன். அவள் டிபன் கேரியரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். சின்ன வயதிலிருந்து என் கோபம் எந்த நிமிடத்தில் வெடிக்கும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினாள். பார்த்தேன். பார்க்காத மாதிரி முன்வரிசைக்குத் திரும்பினேன். அங்கே அந்தம்மா உட்கார்ந்திருந்தாள், கையில் செபமாலை.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த மைக்குல இவருக்கு மூணு வாரம் ஓலை வாசிச்சீங்க. தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு சொன்னீங்க. எனக்குத் தெரியும். அன்னைக்குச் சொல்லல, இன்னைக்குச் சொல்றேன். இவரு இப்ப வாசிச்சாரே ஒரு பேரு, அது இவரு பிள்ளையோட பேரு. அந்தப் பிள்ளை பெறக்கல. ஓலை வாசிக்கிறேன்னு ஆச காட்டி, கூட்டிட்டுப் போயி கலைச்சாங்க. கூட்டிட்டுப் போனது இதோ, இவுகதான். செபமால உருட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இவரு கீழ பைக்குல உக்காந்திருந்தாரு. இன்னைக்கு என் காலக் கழுவிட்டு, எங்க அக்கா எப்படி இருக்கான்னு கேக்குறாங்க. எங்க அக்கா எப்படி இருப்பா?"

ஒரு பெண் என்று நான்கு நாள் பழகிய வாய். எங்க அக்கா என்றது. சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. மைக்கில் சொன்னதை உள்ளே இழுக்கமுடியாது. எனக்கு ஒரே ஒரு அக்கா என்பது அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் ஒரே நேரத்தில் கெபியை நோக்கித் திரும்பியது. அப்பா எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். அக்கா நின்ற இடத்தில் அக்கா இல்லை. டிபன் கேரியர் மட்டும் கெபிப் படியில் இருந்தது.

அவன் ஓடிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வருவான் என்றாவது நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் மேடைக்கு வந்தான். தொட்டிலுக்கு முன்னால் முழங்கால் போட்டுத் தலையைத் தரையில் வைத்து அழுதான். பிறகு என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "ஆமா. பாப்பா சொன்னது உண்மைதான். நான் பாவி. என் பிள்ளையக் கொன்னவன் நான். என்னைய மன்னிச்சிருங்க" என்றான். யாரோ பின்னாலிருந்து அல்லேலூயா என்று கத்தினார்கள். சாமியார் ஓடிவந்து அவன் தலையில் கை வைத்தார். பன்னிரண்டு பேரும் அவனைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். கூட்டம் அழுதது, கை தட்டியது, மனந்திரும்பிய பாவிக்காகப் பாட்டு எடுத்தது. அந்தம்மாவுக்கு மயக்கம் வந்து, நான்கு பெண்கள் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தார்கள். பாவம் தாய் மனசு என்றார்கள்.

நான் மேடையில் நின்றுகொண்டே இருந்தேன். என்னை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடிக்க ஓங்கிய கையாலேயே நான் அவனுக்கு மாலை போட்டிருந்தேன். எங்கள் ஆட்களுக்குப் பாவம் செய்தவன் மைக்கில் அழுதால் போதும், அவனைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள், எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அடுப்படியில் அழும் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் ஒரு வாளியில் வெந்நீர் எடுத்து, கல் உப்புப் போட்டு, என் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். உடைந்த கொப்புளத்தில் ஒட்டியிருந்த மண்ணை நகம் படாமல் எடுத்தாள்.

மறுநாள் காலை நடைபயணம் புறப்பட்டது. நான் போகவில்லை. காளவாசலில் அவனுக்கு ஆளுயர மாலை போட்ட படத்தை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நாகமலை புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று அவன் கையைத் தொட்டார்களாம். அவன் டெல்லி வரை நடந்து முடித்தான்.

அக்கா நடந்தது வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைதான். அந்தத் தெருவைக்கூட அவளால் நடக்கமுடியவில்லை. வேலையை விட்டு யாரும் நீக்கவில்லை, அப்படி வெளிப்படையாக எதுவும் செய்யமாட்டார்கள். டீச்சர்கள் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒரு பிள்ளையின் அம்மா வேறு செக்ஷன் மாற்றிக் கேட்டாள். பாடகர் குழுவில் "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடும்மா" என்றார்கள். அந்த வருடப் பரீட்சை முடிந்ததும் வேறு மாவட்டத்தில், கடலோரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அங்கே விடுதியில் தங்கியிருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். போனில் பேசுவாள், சாப்பிட்டியா என்பாள், வேலை எப்படி என்பாள். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

அவன் இப்போது ஊர் ஊராகச் சாட்சி சொல்கிறான். தவக்காலம் வந்தால் அவனுக்கு நாள் கிடைக்காது. அவன் பேச்சு எல்லாம் போனில் வருகிறது. நானும் பார்த்தேன், ஏதாவது பொய் சிக்குமா என்றுதான் பார்த்தேன். வயசுக் கோளாறில் தப்புச் செய்தோம் என்கிறான். ஓலை வாசிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்ததை எங்கேயும் சொல்வதில்லை. அந்தம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறாள். கடைசியில் எப்போதும் ஒரே முடிவு: "ஒரு தங்கச்சி வழியா ஆண்டவர் என்ட்ட பேசுனாரு. அந்தத் தங்கச்சி எனக்குச் சம்மனசு." ஈஸ்டருக்கு ஈஸ்டர் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டிப் படம் போட்டு நன்றி என்று அனுப்புகிறான். சம்மனசாம், தேவதூதராம் நான். போனைச் சுவரில் அடிக்கலாம் போல இருக்கும்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் பங்கிலேயே அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். காளவாசல் சிக்னலில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள், தாடியோடு சிரிக்கிறான். ஆபீஸ் போகிற வழியில் பார்த்தேன். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அக்காவுக்குச் சாப்பாட்டு இடைவேளையாக இருக்கும் என்று போன் போட்டேன்.

"அக்கா, ஞாயித்துக்கெழம அவன் நம்ம கோயில்ல பேசுறான்க்கா. நானும் போறேன். மைக்கக் கேப்பேன், குடுக்கலைன்னா கீழ நின்னு கத்துவேன். ஓலையப் பத்தி அவன் சொல்லவே மாட்டேங்குறான். அதையும் சொல்லி, அவங்க அம்மா பள்ளிக்கூட வாசல்ல வந்து பேசுனதையும் சொல்லி, நாறடிக்கிறேன் பாரு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது.

"அவன் பேசுனத எல்லாம் நானும் பாத்துருக்கேன்" என்றாள்.

"நீ எதுக்குக்கா அதப் பாக்குற?"

"என் பேரு எங்கயாச்சும் வருதான்னு பாத்தேன். ஒண்ணுவிடாம பாத்தேன். பேரு வரல, ஸ்கூலு வரல, ஊருகூட வரல."

"அவனுக்கு வக்காலத்து வாங்குறியா?"

"இல்ல. அவன் என்னைய விட்டுட்டுப் போனவன், அம்புட்டுத்தான். காட்டிக்குடுத்தது நீதான்."

அங்கே மணி அடித்தது. கிளாஸ் இருக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.